செவிலியச் செயல்முறை: ஐந்து தலைப்புகளும் ஓர் ஆச்சியின் தண்ணீர்க் கணக்கும்

பாளை மாணவி — திங்கள், இரவு 8.10

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இப்போது எலும்பு முறிவு வார்டில் எங்களுக்குப் பயிற்சி நடக்கிறது. ஒவ்வொரு மாணவியும் ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, ஐந்து நாள்களுக்கு அவருக்கான கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) எழுதி ஒப்படைக்க வேண்டும். எனக்குக் கிடைத்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி. விழுவதற்கு முந்தைய நாள் வரை தறியின் முன் தரையில் அமர்ந்து கோரைப்பாய் நெய்துகொண்டிருந்தவர். வாசலில் வழுக்கி விழுந்ததில் இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மற்றப் பரிசோதனைகள் முடிந்ததும் அறுவை சிகிச்சை நடக்கும்.

முதல் நாள் நான் எழுதிய கேர் பிளானில், நர்சிங் டயக்னோசிஸ் (செவிலியக் கண்டறிதல்) என்ற இடத்தில் 'இடது தொடை எலும்பு முறிவு' என்றும், இலக்கு என்ற இடத்தில் 'நோயாளி நலமடைவார்' என்றும் எழுதியிருந்தேன். எங்கள் மேடம் அந்த இரண்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'முதலாவது மருத்துவருடையது, இரண்டாவது யாருடையதும் அல்ல' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தகவல் திரட்டல், கண்டறிதல், திட்டமிடல், செயல்படுத்தல், மதிப்பிடல் என்று செவிலியச் செயல்முறையின் ஐந்து படிகளின் பெயர்களும் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு ஆச்சியின் கட்டிலருகே போய் நின்றால், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அனுபவம் உள்ள அக்காமாரும் அண்ணன்மாரும் விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

மட்டுறுத்துநர் — திங்கள், இரவு 8.35

நோயாளியின் ஊர்ப்பெயர் முதலில் இந்தப் பதிவில் இருந்தது. மாணவியிடம் கேட்டு அதை நீக்கியிருக்கிறோம். நோயாளி யாரென்று அக்கம்பக்கத்தார் ஊகிக்கக்கூடிய எந்த விவரத்தையும் இங்கே எழுத வேண்டாம் என்று அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.

பொருநைக்கரைச் செவிலி — திங்கள், இரவு 9.50

தங்கைக்கு வணக்கம். இருபத்தைந்து ஆண்டுகள் வார்டில் நின்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். உன் மேடம் எழுதிய முதல் குறிப்பைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்பதால், அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எலும்பு முறிந்திருக்கிறது என்பதைக் கண்டறிந்தவர் மருத்துவர். அதைச் சேர்த்து வைக்கப்போகிறவரும் அவரே. அந்த முறிவினால் ஆச்சியின் இருபத்து நான்கு மணி நேரம் எப்படி மாறிவிட்டது என்பதுதான் நம்முடைய கேள்வி. அவரால் புரண்டு படுக்க முடியவில்லை. முதுகும் குதிகாலும் படுக்கையில் அழுந்திக் கிடக்கின்றன. வலி எந்த நேரத்தில் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது என்பது தெரிய வேண்டும். வாழ்நாள் முழுவதும் தரையில் உட்கார்ந்து எழுந்தவர் இப்போது உயரமான கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறார். ஒரே முறிவு உள்ள இரண்டு பேருக்கு மருத்துவரின் கண்டறிதல் ஒன்றாகவே இருக்கும். நம்முடையது இரண்டாக இருக்கும். நோய்க்கு அந்த மனிதர் தரும் எதிர்வினையைத்தான் நாம் கண்டறிகிறோம். நம் கைக்கு எட்டுகிற, நம் பொறுப்பில் மாற்றக்கூடிய ஒன்றுக்குப் பெயர் வைப்பதே செவிலியக் கண்டறிதல் என்று நான் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். தகவல் திரட்டுவதில் தொடங்க வேண்டும். ஆனால் கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதிக்கொள்வது தகவல் திரட்டுவது ஆகாது. ஆச்சி தன் வாயால் சொல்வது ஒரு பக்கம். நீ கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, அளந்து தெரிந்துகொள்வது மறுபக்கம். இரண்டையும் தனித்தனியாக எழுது. 'வலி இருக்கிறது' என்று எழுதாமல், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்டு அந்த எண்ணை எழுது. எண் சொல்லத் தெரியாதவரிடம் ரூபாய்க்கு எத்தனை அணா என்று கேட்டுக்கூட நான் எழுதியிருக்கிறேன். எடை கட்டிய காலின் விரல்களைத் தொட்டுப் பார். சூடு இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, நீ தொடுவது அவருக்குத் தெரிகிறதா, விரலை அசைக்க முடிகிறதா என்று பார். அந்தக் காலின் குதிகாலைத் தூக்கிப் பார்க்க மறக்காதே, ஏனென்றால் கட்டுப் போட்ட காலில் நம் எல்லோருடைய கண்ணுக்கும் கடைசியாகத் தட்டுப்படுவது குதிகால்தான்.

வள்ளியூர் செவிலியர் — செவ்வாய், காலை 6.30

இரவுப் பணி முடிந்து வந்து இதைப் படித்தேன். அக்கா எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால் மாணவிகளுக்கு ஒரு நோயாளி, எங்களுக்கு அப்படியல்ல. நேற்றிரவு எங்கள் வார்டில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். செவிலியர் இரண்டு பேர். பத்து மணி ஊசி, பன்னிரண்டு மணி டிரிப், நடுவில் இரண்டு புதிய அட்மிஷன், நான்கு மணிக்கு ரத்த மாதிரி, ஆறு மணிக்கு வைட்டல்ஸ் (காய்ச்சல், நாடி, மூச்சு, பி.பி.) என்று இரவு ஓடிவிடுகிறது. இதில் முப்பத்தெட்டுப் பேருக்கும் ஐந்து தலைப்புகளில் எழுதுவது எந்த மனிதராலும் ஆகாத காரியம். கல்லூரியில் நூறு பக்கம் கேர் பிளான் எழுதிவிட்டு வந்த பிள்ளைகள், வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அதை மறந்துவிடுவதற்குக் காரணம் அவர்களுடைய சோம்பல் அல்ல. செயல்முறை என்பது தாளில் மட்டுமே நடக்குமென்றால், அது வார்டுக்கு உதவாது என்பதை வருத்தத்துடன்தான் சொல்கிறேன்.

பொருநைக்கரைச் செவிலி — செவ்வாய், மாலை 4.15

தம்பியின் வருத்தம் நியாயமானது. ஆள் போதாமல் இருப்பதை எந்தச் செயல்முறையாலும் ஈடுகட்ட முடியாது. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் செயல்முறை தாளில் மட்டும் இருக்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதற்கு என் வாழ்வில் நடந்த ஒரு தவற்றையே சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. பெண்கள் மருத்துவ வார்டில் இரவுப் பணி. முக்கூடல் பக்கத்தில் சிறு வயதிலிருந்து பீடி சுற்றிய ஓர் அம்மா, நெஞ்சுச் சளியும் இளைப்புமாகச் சேர்க்கப்பட்டிருந்தார். இரவு பத்து மணிக்கு எல்லோருக்கும் காய்ச்சலும் நாடியும் பி.பி.யும் பார்த்தேன். மூச்சை மட்டும் எண்ணவில்லை. எல்லோருடைய ஷீட்டிலும் 20 என்று எழுதினேன். எனக்கு முந்தைய ஷிஃப்டிலும் எல்லோருக்கும் 20 என்றே இருந்தது. அந்த அம்மா இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்ததை மனதில் வாங்கவில்லை. அடுத்த கட்டிலில் டிரிப் நின்றுவிட்டது என்று உறவினர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததால் அங்கே போய்விட்டேன். இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது அவர் அரை மயக்கத்தில் இருந்தார்; அப்போது கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினேன், 36. அவசரமாக மருத்துவரை அழைத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம். பிழைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, "நீங்க வேலையா இருந்திய தாயி, அதான் கூப்பிடல" என்று என்னிடமே சொன்னார்.

அன்று எனக்கு நேரம் இல்லாமல் போகவில்லை. டிரிப்பைச் சரிசெய்ய எடுத்த நேரத்தில் பாதி போதும், மூச்சை எண்ணுவதற்கு. யாரிடம் முதலில் போவது என்று முடிவு செய்வதற்கான தகவல் என் கையில் இல்லை. அதனால் யார் சத்தம் போட்டார்களோ அவர்களிடம் போனேன். முப்பத்தெட்டுப் பேரில் முதல் ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கத் தெரிவதற்குத்தான் செயல்முறை இருக்கிறது. மூச்சுக்கு ஆபத்து உள்ளவர் முதலில், ரத்த ஓட்டத்துக்கு ஆபத்து உள்ளவர் அடுத்து, நினைவு தடுமாறுகிறவர் அதற்கடுத்து, விழுந்துவிடக் கூடியவர் அதன் பிறகு என்று மனதில் ஒரு வரிசை ஓட வேண்டும். தம்பி நேற்றிரவு முந்தைய ஷிஃப்டிடமிருந்து பொறுப்பை (ஹேண்ட்ஓவர்) வாங்கும்போது அப்படி ஒரு வரிசையை மனதில் போட்டிருப்பார். அதற்கு அவர் கேர் பிளான் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆளுக்கு ஐந்து பக்கம் எழுதச் சொல்வது படிக்கும் காலத்துப் பழக்கம். சைக்கிள் பழகும்போது பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடிவருவதைப் போன்றது அது. வேலைக்கு வந்த பிறகு எழுத்து சுருங்கலாம். மாறியது என்ன, செய்தது என்ன, செய்த பிறகு நோயாளி எப்படி இருக்கிறார் என்ற மூன்று வரிகளாவது கட்டாயம் நிற்க வேண்டும். 'நோயாளி நன்றாக உறங்கினார்' என்று எல்லோருக்கும் ஒரே வரியை எழுதுவதை விட்டுவிட்டாலே அதற்கான நேரம் கிடைத்துவிடும்.

நெல்லை நர்சிங் ஆசிரியை — செவ்வாய், இரவு 9.05

இரண்டு பேரும் எழுதியவற்றோடு கொஞ்சம் வரலாற்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இந்த ஐந்து படிகளும் தேர்வுக்காக யாரோ உட்கார்ந்து எழுதியவை என்ற எண்ணம் மாணவிகளிடம் இருக்கிறது.

செவிலியப் பணியை ஒரு செயல்முறை என்று அழைத்தவர், அமெரிக்கச் செவிலியர் லிடியா ஹால், ஆண்டு 1955. அதற்குப் பிறகு 1961இல் மற்றோர் அமெரிக்கச் செவிலியர் ஐடா ஜீன் ஆர்லாண்டோ வலியுறுத்திய கருத்து, இந்த இழைக்கு மிகவும் பொருந்தும். நோயாளியின் ஒரு நடத்தையைக் கண்டதும் செவிலியர் மனதில் ஓர் எண்ணம் எழுகிறது. அந்த எண்ணத்தை உண்மையென்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடாமல், அது சரிதானா என்று நோயாளியிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதே அவர் சொன்னது. 1967இல் யூரா, வால்ஷ் ஆகிய செவிலியக் கல்வியாளர்கள் இருவரும் தகவல் திரட்டல், திட்டமிடல், செயல்படுத்தல், மதிப்பிடல் என்று நான்கு படிகளாக வகுத்தார்கள். செவிலியக் கண்டறிதலுக்குத் தனிப் படியாக இடம் கிடைத்தது அதன் பிறகுதான். 1973இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் செவிலியக் கண்டறிதல்களை வகைப்படுத்துவதற்கான முதல் மாநாடு நடந்தது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1982இல் 'நாண்டா' (வட அமெரிக்கச் செவிலியக் கண்டறிதல் சங்கம்) என்ற அமைப்பு உருவானது. நம் மாணவிகள் கேர் பிளானில் பயன்படுத்தும் சொற்றொடர்கள் பெரும்பாலும் அதன் பட்டியலிலிருந்து வருகின்றன.

எழுதும் முறையைப் பற்றி ஒன்று. ஏற்கெனவே இருக்கும் சிக்கலாக இருந்தால் மூன்று பகுதிகள் வேண்டும்: சிக்கல் என்ன, அதற்குக் காரணம் என்ன, எதை வைத்து அப்படிச் சொல்கிறோம். இனிமேல் வரக்கூடும் என்று அஞ்சும் சிக்கலாக இருந்தால் இரண்டே பகுதிகள்: சிக்கல், அதற்கு வழிவகுக்கும் காரணங்கள். 'படுக்கைப்புண் வரும் அபாயம்' என்று எழுதிவிட்டு, அதற்கு ஆதாரமாக 'முதுகில் சிவந்திருக்கிறது' என்று எழுதும் மாணவிகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். சிவந்துவிட்டது என்றால் அபாயம் என்ற கட்டம் தாண்டிவிட்டது, அம்மா.

நடுப் பகுதியான காரணத்தில்தான் எல்லாமே இருக்கிறது. நாம் செய்யப்போகும் ஒவ்வொரு வேலையும் அந்தக் காரணத்தை நோக்கியே போகும். காரணம் தவறாக இருந்தால், எவ்வளவு அக்கறையோடு செய்தாலும் வேலை பலிக்காது.

அம்பை மகன் — புதன், காலை 10.20

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்ல. அம்பாசமுத்திரத்தில் கடை வைத்திருக்கிறேன். என் தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பதினைந்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். உடல் குளிர்ச்சியாக இருக்கும் என்று கட்டிலில் மெத்தைக்கு மேல் பத்தமடைப் பாயை விரித்துப் படுக்க வைத்திருக்கிறோம். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில் தோல் கொஞ்சம் கறுத்த மாதிரி இருக்கிறது. என் வீட்டுக்காரி தினமும் தேங்காய் எண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்த்துவிட்டுப் பவுடர் போடுகிறாள். நீங்கள் சொல்லும் இந்த முறையை வீட்டில் இருப்பவர்களும் செய்ய முடியுமா? எங்களுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்றே தெரியவில்லை.

வள்ளியூர் செவிலியர் — புதன், பகல் 1.40

அண்ணாச்சி, முதலில் அந்தத் தேய்ப்பை நிறுத்திவிடுங்கள். அழுத்தத்தால் கன்றிப்போன இடத்தைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் திசு இன்னும் சேதமாகும். ஒரு காலத்தில் மருத்துவமனைகளிலேயே ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுத் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது அப்படிச் செய்வதில்லை. நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தை யாராவது வாங்கச் சொன்னாலும் வாங்க வேண்டாம். அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும்.

புத்தகங்களில் 'தோல் சிவக்கும்' என்று இருக்கும். நம் ஆட்களின் நிறத்துக்குச் சிவப்புத் தெரியாது. கறுத்தோ, ஊதா நிறமாகவோ தெரியும், சில நேரம் நிறமே மாறாது. அதனால் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். புறங்கையை வைத்துப் பாருங்கள்: சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கெட்டியாகவோ கொளகொளவென்றோ இருக்கிறதா, அப்பா அங்கே வலிக்கிறது என்கிறாரா என்று கவனியுங்கள். தோல் உரிந்தாலோ, கொப்புளம் வந்தாலோ, நீர் கசிந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இப்போது இருக்கும் நிலையிலும், அருகிலுள்ள சுகாதார நிலையத்துச் செவிலியரை ஒருமுறை பார்க்கச் சொல்வது நல்லது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். முழுவதும் ஒருக்களித்துப் படுக்க வைக்காமல், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை அண்டக் கொடுத்து, முப்பது டிகிரி சாய்வில் வையுங்கள். அப்போதுதான் இடுப்பெலும்பின் மேட்டிலும் பாரம் விழாது, பின்புறத்திலும் விழாது. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் படுக்கையைத் தொடாமல் இருக்கும். கட்டிலில் மேலே நகர்த்தும்போது இழுக்கக் கூடாது. ஒரு வேட்டியை மடித்து அடியில் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். பாயை எடுத்துவிட்டு, சுருக்கம் இல்லாமல் பருத்தித் துணி விரியுங்கள். பத்தமடைப் பாயின் குளிர்ச்சியை நானும் அறிவேன். ஆனால் அசையாமல் கிடப்பவரின் எலும்பு மேட்டுக்கு அது இதமாக இருக்காது.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நேரம் போட்டு எழுதி வையுங்கள்: எந்தப் பக்கம் படுக்க வைத்தோம், அந்த இடம் எப்படி இருந்தது, என்ன சாப்பிட்டார், குடிக்கும்போது இருமினாரா. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கலாம் என்பதால், நிமிர்த்தி உட்கார வைத்தே கொடுங்கள். தண்ணீர் குடித்ததும் இருமலோ, குரலில் சளி கட்டிய மாதிரியோ தெரிந்தால் கொடுப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்று நாள் எழுதிய பிறகு திரும்பிப் படித்துப் பாருங்கள். இடம் தெளிந்திருந்தால் அதையே தொடருங்கள். தெளியவில்லை என்றால் எங்கே தவறுகிறது என்று தேடுங்கள்.

இதை எழுதி முடித்துவிட்டுப் படித்தபோதுதான், நேற்று அக்கா சொன்னது எனக்கு உறைத்தது. அண்ணாச்சிக்கு நான் எழுதியதும் ஒரு கேர் பிளான்தான்.

பாளை மாணவி — புதன், இரவு 8.45

அக்கா எழுதியதையும் எங்கள் மேடம் சிவப்பு மையில் எழுதியதையும் வைத்துத் திங்கள் இரவே புதிதாக எழுதி, மறுநாள் மேடத்திடம் காட்டினேன். பரவாயில்லை என்று சொன்னார்கள். ஆனால் இப்போது வேறு ஒரு சிக்கலில் நிற்கிறேன்.

ஆச்சியின் நாக்கு உலர்ந்திருந்தது, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. திங்கட்கிழமை முழுவதும் அவர் குடித்தது 700 மில்லி. வெளியேறியது 420 மில்லி. அவருடைய எடை 48 கிலோ. மணிக்கு, கிலோவுக்கு அரை மில்லி என்று கணக்கிட்டால், ஒரு நாளைக்குக் குறைந்தது 576 மில்லியாவது போயிருக்க வேண்டும். அதனால் உடனே வார்டு சிஸ்டரிடமும் மருத்துவரிடமும் சொன்னேன். மருத்துவர் பார்த்து, ரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டு, திரவத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இல்லை, வாய்வழியாக நன்றாகக் குடிக்க வைக்கலாம் என்று எழுதினார்.

நான் எழுதிய கண்டறிதல்: 'தாக உணர்வு குறைந்ததன் காரணமாக உடலில் நீர்ப் பற்றாக்குறை.' முதியவர்களுக்குத் தாகம் அவ்வளவாகத் தெரியாது என்று படித்திருக்கிறோம். கேட்டபோது ஆச்சியும் "தண்ணி தவிக்கல தாயி" என்றே சொன்னார். இலக்கு: புதன் காலை ஆறு மணிக்குள் 1,500 மில்லி குடிப்பார். செயல்: மணிக்கு ஒருமுறை தண்ணீர், இளநீர், அவருக்குப் பிடித்த நீத்தண்ணி (நீராகாரம்) கொடுத்தல். அவர்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரை அளவு ஜாடியால் அளந்து, ஒரு டம்ளர் 150 மில்லி என்று குறித்துவைத்தேன். வகுப்பு நேரம் போக மீதி நேரம் எல்லாம் நானே கொடுத்தேன்.

இன்று காலை கணக்குப் பார்த்தால், குடித்தது 650, போனது 400. என் திட்டம் தோற்றுவிட்டது. மதிப்பிடல் என்ற இடத்தில் 'இலக்கு எட்டப்படவில்லை' என்று எழுதுவதற்கு மனம் வரவில்லை.

பொருநைக்கரைச் செவிலி — புதன், இரவு 9.20

மனம் வராவிட்டாலும் அப்படித்தான் எழுத வேண்டும், தங்கை. இலக்கில் எண்ணும் நேரமும் இருந்ததால்தானே எட்டவில்லை என்பது உனக்குத் தெரிகிறது? 'நோயாளி நலமடைவார்' என்றே விட்டிருந்தால், இன்றும் அவர் நலமடைந்துகொண்டிருப்பதாக நீ எழுதியிருப்பாய்.

ஒன்று கேட்கிறேன். மொத்தக் கணக்கைச் சொன்னாய். நேரக் கணக்கைச் சொல்லவில்லை. இந்த இரண்டு நாளும் எந்த மணிக்கு எவ்வளவு குடித்தார், எந்த மணிக்கு எவ்வளவு போனது என்று சார்ட்டில் இருக்குமே. அதை வரிசையாக வைத்துப் பார். பார்த்துவிட்டு, ஆர்லாண்டோ சொன்னதாக நெல்லை ஆசிரியை இங்கே எழுதியதை ஒருமுறை படித்துவிட்டு, ஆச்சியிடம் போ.

பாளை மாணவி — வியாழன், மாலை 6.50

அக்கா, பார்த்துவிட்டேன்.

இரண்டு நாளும் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை சிறுநீர் என்ற கட்டம் ஏறக்குறைய காலியாக இருக்கிறது. போனது எல்லாம் இரவு ஏழு மணிக்குப் பிறகும் விடியற்காலையிலும்தான். குடித்ததும் அப்படியே; பகலில் நான் கொடுக்கக் கொடுக்க, இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிடுகிறார்; இரவில் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். தாகம் தெரியாதவர் என்றால் பகலிலும் இரவிலும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்?

பகலில் துணைக்கு இருப்பவர் அவருடைய மகன். மருமகள் வேலைக்குப் போய்விட்டு மாலை ஆறு மணிக்குமேல் வருவார். வந்ததும் மகன் வீட்டுக்குப் போய்விடுவார். இன்று மதியம் மகன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கட்டிலருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பகல்ல ஏன் ஆச்சி குடிக்க மாட்டேங்கிய?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "குடிச்சா ஒண்ணுக்கு வருமுல்லா தாயி. மவன வச்சுக்கிட்டு எப்படிச் சொல்லுதது? ஆம்பளையாளுவ நடமாடுத எடம்" என்றார். இடுப்பைத் தூக்கி பெட்பேன் (படுத்தபடியே சிறுநீர், மலம் கழிப்பதற்கான பாத்திரம்) வைக்கும்போது வலி உயிர் போகிறது என்பதையும் அப்போதுதான் சொன்னார்.

மூன்று நாளாக நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவர் அதற்குப் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். அந்தக் கட்டிலைச் சுற்றித் திரை போட முடியும் என்பது எனக்குத் தெரியும். அதை அவரிடம் நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

நெல்லை நர்சிங் ஆசிரியை — வியாழன், இரவு 8.15

இப்போது கண்டறிதலைத் திருத்தி எழுதலாம். 'பகல் நேரத்தில் பெட்பேன் கேட்பதற்கான கூச்சத்தாலும், அதை வைக்கும்போது ஏற்படும் வலியாலும், தானாகவே நீர் அருந்துவதைக் குறைத்துக்கொண்டதன் காரணமாக நீர்ப் பற்றாக்குறை. உலர்ந்த நாக்கும், அடர்நிறச் சிறுநீரும், 24 மணி நேரத்தில் 400 மில்லி மட்டுமே வெளியேறியதும், நோயாளியின் சொற்களும் ஆதாரம்.' சிக்கலின் பெயர் மாறவில்லை. காரணம் மட்டுமே மாறியிருக்கிறது. ஆனால் செய்ய வேண்டிய வேலை முழுவதும் மாறிவிட்டது.

ஆச்சியின் சொற்களை அவர் சொன்ன மாதிரியே கேர் பிளானில் எழுது. இலக்கியத் தமிழில் மாற்றாதே.

வள்ளியூர் செவிலியர் — வியாழன், இரவு 9.30

வலி விஷயத்தில் ஒரு சிறு உதவி. முன்பக்கம் தட்டையாக இருக்கும் பெட்பேன் ஒன்று எலும்பு முறிவு வார்டுகளில் இருக்கும். இல்லையென்றால் வார்டு சிஸ்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு இடுப்பை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டாம். முறிவு இல்லாத வலது பக்கத்திலிருந்துதான் நுழைக்க வேண்டும். கட்டிலுக்கு மேலே தொங்கும் பிடியை ஆச்சி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நல்ல காலை மட்டும் ஊன்றி எழும்ப, ஒருவர் இடுப்பைத் தாங்க, மற்றொருவர் பெட்பேனை வைக்கலாம். எடை கட்டிய கால் நேராகவே இருக்கட்டும். மருத்துவர் எழுதியிருக்கும் வலி மருந்து எந்த மணிக்குக் கொடுக்கப்படுகிறது என்று பார்த்து, அது வேலை செய்யும் நேரத்தில் வைத்தால் இன்னும் நல்லது.

மகனைக் குறை சொல்லாமல் பேசுங்கள். அவருக்கும் தெரிந்திருக்காது.

அம்பை மகன் — வெள்ளி, காலை 9.00

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் தகப்பனாருக்கு நானே எல்லாம் செய்கிறேன். அவர் என்னிடம் எதையெல்லாம் கேட்காமல் விடுகிறார் என்று நான் நினைத்ததே இல்லை. இன்று நோட்டில் அதற்கும் ஒரு வரி போட்டிருக்கிறேன். முதுகைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டோம், பாயையும் எடுத்துவிட்டோம். சுகாதார நிலையத்துச் செவிலியர் நேற்று வந்து பார்த்தார். தோல் உடையவில்லை, பக்கம் மாற்றுவதை ஒரு வேளையும் விடாதீர்கள் என்றார்.

பாளை மாணவி — சனி, இரவு 7.30

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பத்து மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆச்சி கேட்பதற்கு முன்பே நாங்களே திரையை இழுத்துவிட்டுத் தட்டையான பெட்பேனுடன் போனோம். நான் வகுப்பில் இருந்த நேரத்தில் வார்டு சிஸ்டர் ஒருவரும் பெண் உதவியாளர் ஒருவரும் பார்த்துக்கொண்டார்கள். திரை விழுந்ததும் மகன் தானாகவே வராந்தாவுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லியிருந்தோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். காலை பத்து மணிக்கு ஆச்சி முதல் டம்ளரை முழுவதும் குடித்தார். மதியம் நீத்தண்ணியில் இன்னும் கொஞ்சம் உப்புப் போடச் சொன்னார்.

இன்று காலை ஆறு மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் குடித்தது 1,350 மில்லி, போனது 900. நிறம் வெளுத்திருக்கிறது, நாக்கு ஈரமாக இருக்கிறது. 1,500 என்ற இலக்குக்கு 150 மில்லி குறைவு என்பதால், மதிப்பிடலில் 'இலக்கு பகுதியளவு எட்டப்பட்டது. திட்டம் தொடர்கிறது' என்று எழுதினேன். மேடம் அதற்குக் கீழே கையெழுத்திட்டார்கள். திங்கட்கிழமை அறுவை சிகிச்சைக்குப் பட்டியலில் ஆச்சியின் பெயர் இருக்கிறது.

பொருநைக்கரைச் செவிலி — சனி, இரவு 8.05

அந்த 150 மில்லி ஒரு டம்ளர்தான். மருமகளிடம் சொல்லி இரவில் கொடுக்கச் சொல். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு எத்தனை மணிக்குமேல் வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை மருமகளுக்கும் மகனுக்கும் தனித்தனியாகச் சொல். நீ இவ்வளவு பாடுபட்டுக் குடிக்கப் பழக்கியிருக்கிறாய். அவர்கள் பாசத்தில் விடிகாலையில் ஒரு டம்ளர் கொடுத்துவிடக் கூடாது.

திங்கட்கிழமை உன்னிடம் சொன்ன குதிகாலைப் பற்றி நீ இதுவரை ஒரு வரியும் எழுதவில்லையே?

பாளை மாணவி — சனி, இரவு 8.20

முதல் இரண்டு நாள் பார்த்தேன் அக்கா, தோல் நன்றாக இருந்தது. புதன்கிழமைக்குப் பிறகு தண்ணீர்க் கணக்கிலேயே நின்றுவிட்டேன். நாளை ஞாயிறு விடுமுறைதான் என்றாலும், காலையில் வார்டு சிஸ்டரிடம் அனுமதி கேட்டுப் போய், இரண்டு குதிகால்களையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.